ஆள்களப் பெயர்

ஆள்களப் பெயர் அல்லது களப்பெயர் என்பது இணையத்தில் உள்ள ஒரு தளத்தை அடையாளங்காட்டும், மனிதர் எளிதில் நினைவில் கொள்ளத்தக்க பெயர் ஆகும். இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று ஐ.பி. முகவரி எனப்படும் எண்களைக் கொண்டே அறிகின்றன. அவ்வெண்களை மனத்தில் இருத்துவது கடினம். எனவே பயனர் பெயரைத் தர, அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் அமைப்பு உருவாக்கப்பட்டது. இது ஆள்களப் பெயர் முறைமை எனப்படுகின்றது. ஆள்களப் பெயரைப் பிழையின்றிப் படிக்க அறிந்தவர் போலித் தளங்களை இனங்காண முடியும்.

தோற்றம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் கணினிகள் சிலவே இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் பட்டியலிடப்பட்டு, கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்பட்டன. ஏனைய கணினிகள் அக்கோப்பை அவ்வப்போது படியெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகவே இம்முறை போதாததாயிற்று. 1983 இல் பால் மொக்கபெட்ரிசு, பட்டியலைப் பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறைமையை வடிவமைத்தார். 1985 மார்ச்சு 15 இல் பதியப்பட்ட சிம்பாலிக்ஸ்.காம் என்பதே முதன்முதலில் பதியப்பட்ட .காம் பெயராகும். 1998 இல் தொடங்கப்பட்ட ஐகான் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு இம்முறைமையை ஒருங்கிணைக்கின்றது.

பெயரின் அமைப்பு

ஆள்களப் பெயரின் பகுதிகள் புள்ளிகளால் பிரிக்கப்படுகின்றன. ஒரு பகுதி 63 எழுத்துருக்களுக்கு மேற்படலாகாது. பெயரின் படிநிலையை அறிய வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ள எக்சாம்பிள்.காம் என்னும் பெயரைக் கொண்டு இதனை விளக்கலாம். நூலகம்.எக்சாம்பிள்.காம் என்பதில்,

- காம் – உயர்நிலை ஆள்களம். இவற்றுள் .காம், .ஓஆர்ஜி போன்றவை பொதுவானவை; .இன் (இந்தியா), .எல்கே (இலங்கை), .எஸ்ஜி (சிங்கப்பூர்) போன்றவை நாடுகளுக்குரியவை.
- எக்சாம்பிள் – உரிமையாளர் பதிந்துகொண்ட பெயர்.
- நூலகம் – துணை ஆள்களம். இதனை உரிமையாளர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம்.

தேடல் நடைபெறும் விதம்

1. உலாவியில் பெயரை உள்ளிட்டதும், இணையச் சேவை வழங்குநரின் அல்லது வேறொரு நிறுவனத்தின் பெயர் தேடும் வழங்கிக்கு அது அனுப்பப்படுகின்றது.
2. அவ்வழங்கி முதலில் மூல வழங்கி ஒன்றை வினவுகின்றது. மூல வழங்கிகளுக்கு 13 பெயர்கள் உள்ளன. அவற்றின் படிகள் உலகின் பல நாடுகளில் இயங்குகின்றன.
3. மூல வழங்கி, உரிய உயர்நிலை ஆள்களத்தின் வழங்கியைக் காட்டும். அது, பதியப்பட்ட பெயருக்குரிய வழங்கியைக் காட்டும்.
4. இறுதி வழங்கி ஐ.பி. முகவரியைத் தருகின்றது. விடை சிறிது காலம் சேமித்து வைக்கப்படுவதால், மறுமுறை இத்தேடல் முழுவதும் தேவைப்படுவதில்லை.

தமிழில் ஆள்களப் பெயர்கள்

தொடக்கத்தில் இலத்தீன் எழுத்துகள், எண்கள், இணைகோடு ஆகியவற்றையே பெயர்களில் பயன்படுத்த முடிந்தது. ஒருங்குறி எழுத்துகளை இலத்தீன் எழுத்துகளாகக் குறிமாற்றும் முறை 2003 இல் வரையறுக்கப்பட்டது. 2007 இல் ஐகான், தமிழ் உள்ளிட்ட 11 மொழிகளில் சோதனை ஆள்களங்களை அமைத்தது. தமிழில் அது உதாரணம்.பரிட்சை என்பதாகும். சோதனை ஆள்களங்கள் 2013 இல் நீக்கப்பட்டன. இதனிடையே 2010 தொடங்கி .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்னும் தமிழ் உயர்நிலை ஆள்களங்கள் நடைமுறைக்கு வந்தன.

போலித் தளங்களை அறிதல்

ஒரு வங்கியின் பெயர் முகவரியில் எங்கேனும் காணப்படுவதால் மட்டும் அத்தளம் அவ்வங்கியினுடையது ஆகாது. வங்கி.எக்சாம்பிள்.காம் என்னும் தளம் எக்சாம்பிள்.காம் உரிமையாளருக்கே உரியது. முகவரியின் தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் தனிச் சாய்கோட்டுடன் ஆள்களப் பெயர் முடிந்துவிடும். அதன்பின் வருவது பக்கத்தின் முகவரியே. இந்திய அரசுத் தளங்கள் பலவற்றுக்குரிய .ஜிஓவி.இன் என்னும் முடிவைத் தனியார் பதிய இயலாது. எனினும் அது பெயரின் இறுதியில் உள்ளதா என நோக்க வேண்டும்.

எச்டிடிபிஎஸ் இணைப்பு தகவலை மறையாக்கம் செய்கின்றதே தவிர, தளத்தை நடத்துபவரின் நேர்மைக்குச் சான்றளிப்பதில்லை. போலித் தளங்களும் அதனைப் பெறலாம். மேலும், ஆள்களப் பெயர் நிரந்தரமாக விற்கப்படுவதன்று. குறிப்பிட்ட காலத்திற்கே பதியப்படுகின்றது. புதுப்பிக்கத் தவறின், அப்பெயரை வேறொருவர் பதிந்துகொள்ளலாம். ஆகையால் பழைய இணைப்பு ஒன்று, முன்பு இருந்த தளத்திற்கே இன்றும் இட்டுச்செல்லும் என்று கொள்ளலாகாது.