தரையோடு பிணைந்த சிறகுகள்: சோவியத், ரஷ்யப் போர் விமானங்களின் திறனை எங்கே தேடுவது?

ரஷ்யப் போர் விமானங்களைப் பற்றிய எழுத்துகளில் இரண்டு முடிவுகள் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. கண்காட்சிகளில் அவை செய்யும் சாகசங்களைப் பார்த்தவர்கள் அவற்றுக்கு ஈடு இல்லை என்கிறார்கள். போர்க்களக் கணக்கைப் பார்த்தவர்கள் அவை மேற்கத்திய விமானங்களுக்கு எட்டாதவை என்கிறார்கள். இரு தரப்பும் விமானத்தைத் தனியே பிரித்து எடுத்து எடை போடுகின்றன. சோவியத் போர் விமானமோ தனித்து இயங்குவதற்காக உருவானதே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். தரை ரேடார்கள், கட்டளை நிலையங்கள், ஏவுகணைப் படைகள் எல்லாம் சேர்ந்த பெரும் வான்காப்பு ஏற்பாட்டில் பறக்கும் ஓர் உறுப்பாகவே அது திட்டமிடப்பட்டது. அதன் பலமும் குறையும் அந்த ஏற்பாட்டிலிருந்து கிளைத்தவை. 1991-க்குப் பின் அந்த விமானங்களுக்கு நேர்ந்ததையும் அதைக் கொண்டே விளக்க முடியும்.

தொடக்க வரலாறு பலரும் அறிந்தது. 1947 டிசம்பர் 30 அன்று முதன்முதலாகப் பறந்த மிக்-15, பிரிட்டன் விற்ற ரோல்ஸ் ராய்ஸ் நீன் என்ஜினின் வழித்தோன்றலால் இயங்கியது. இறக்கையும் உடலும் சொந்தம், என்ஜின் இரவல் என்ற இந்தத் தொடக்கம் கவனிக்கத்தக்கது. காற்றியக்கவியலில் ரஷ்யர்களுக்கு ஆழமான மரபு இருந்தது. நிக்கலாய் ஜுக்கோவ்ஸ்கி 1918-இல் நிறுவிய மத்தியக் காற்றியக்கவியல் ஆய்வு நிறுவனம், தன் காற்றுச் சுரங்கங்களில் கண்டறிந்த நல்ல வடிவங்களை எல்லா வடிவமைப்பு அலுவலகங்களுக்கும் பொதுவில் அளித்தது. மிக்-29, சுகோய்-27 இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வரைந்தார்கள் என்பது தவறான ஊகம்.

பிணைப்பின் தன்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது மிக்-25. 1967-இல் மாஸ்கோவுக்கு அருகே தோமதேதவோ காட்சியில் அது பறந்தபோது, வளைந்து நெளிந்து சண்டையிடும் பேராற்றல் கொண்ட விமானம் என்று அமெரிக்கர்கள் அஞ்சினார்கள். எஃப்-15 விமானத்துக்கான தேவைகளை வகுத்ததில் அந்த அச்சத்துக்குப் பங்கு உண்டு. 1976 செப்டம்பர் 6 அன்று விக்தர் பெலென்கோ என்ற விமானி ஒரு மிக்-25-ஐ ஜப்பானின் ஹகொதாதே விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினார். அமெரிக்க, ஜப்பானிய நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். டைட்டானியத்தை எதிர்பார்த்த இடத்தில் பற்றவைத்த நிக்கல் எஃகு இருந்தது. விமான எடையில் பெரும்பகுதி அதுவே. காற்றின் இழுவை பொருட்டில்லாத இடங்களில் ரிவெட் தலைகள் மழிக்கப்படாமல் துருத்திக்கொண்டிருந்தன. ரேடாரைத் திறந்தால், டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் பழைய வானொலிப் பெட்டியில் இருப்பதைப் போன்ற வால்வுகள்.

பின்தங்கிய தொழில்நுட்பம் என்று அன்று பலர் எழுதினார்கள். ஆனால் அந்த விமானத்துக்கு இடப்பட்ட பணி என்ன? மிக உயரத்தில் மிக வேகமாக வரும் குண்டுவீச்சு விமானத்தையோ வேவு விமானத்தையோ நோக்கி நேராகப் பாய்வது, ஏவுகணையை விடுவது, திரும்பிவிடுவது. எதிரி எங்கே, எந்தத் திசையில் எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் வோஸ்தூஹ் என்ற தரைக் கட்டளை அமைப்பு கணக்கிட்டு, லசூர் என்ற தொடர்பு வழியாக விமானிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். விமானத்தின் ரேடார் கடைசிக் கட்டத்தில் மட்டும் கண் விழித்தால் போதும். அந்த நேரத்தில் எதிரியின் மின்னணு இடையூற்றைத் துளைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். சுமார் 600 கிலோவாட் ஆற்றலை உமிழ வால்வுகளே அன்று கைக்கெட்டிய வழி. ஒலியைப் போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் உடல் கொதிக்கும்போது எஃகு தாங்கும். சாதாரணத் தொழிற்சாலையில் அதைப் பற்றவைக்கவும் முடியும். ஆக, ஹகொதாதேயில் இறங்கியது முழுமையான ஆயுதம் இல்லை. அதன் மறுபாதி சோவியத் மண்ணிலேயே தங்கிவிட்டது. நிபுணர்கள் கையில் கிடைத்த பாதியை வைத்து முழுமையைத் தீர்மானித்தார்கள்.

மிக்-25-இன் வாரிசான மிக்-31, இதே சிந்தனையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. ஆர்க்டிக் கரையோரம் தரை ரேடார்கள் அடர்த்தியாக இல்லை. அதனால் நான்கு மிக்-31கள் பரந்து விரிந்து பறந்து, தங்களுக்குள் தகவலைப் பரிமாறிக்கொண்டு, தாங்களே நடமாடும் ரேடார் வேலியாகும்படி செய்தார்கள். அதிலிருந்த சஸ்லோன் ரேடார், போர் விமானத்தில் பொருத்திப் பணியில் சேர்க்கப்பட்ட கட்ட வரிசை (phased array) ரேடார்களில் முதலாவது. மின்னணுவியலில் சோவியத் எங்கும் பின்தங்கியே இருந்தது என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சுகோய்-27-இன் கதை வேறு கோணத்தைத் திறக்கிறது. அதன் முன்மாதிரியான டி-10, 1977 மே 20 அன்று விளாதிமிர் இல்யூஷின் கையில் பறந்தது. அடுத்த ஆண்டே இரண்டாவது முன்மாதிரி நொறுங்கி, சோதனை விமானி யெவ்கெனி சொலவ்யோவ் இறந்தார். எஃப்-15-க்கு எதிராக நடத்திய கணக்கீடுகளிலும் டி-10 தெளிவான மேலாண்மையைக் காட்டவில்லை. தலைமை வடிவமைப்பாளராகப் பொறுப்பேற்ற மிகயீல் சீமனவ், பணமும் ஆண்டுகளும் செலவான ஒரு திட்டத்தைக் கிட்டத்தட்ட அடியிலிருந்து மீண்டும் வரையத் துணிந்தார். வளைந்த முன்விளிம்பு நேராயிற்று. இறக்கை முனைகளில் ஏவுகணைத் தண்டுகள் வந்தன. வால் துடுப்புகள் இடம் மாறின. முதன்மைச் சக்கரங்களின் டயர்களும் விமானி இருக்கையும் தவிரப் பழையது எதுவும் மிஞ்சவில்லை என்று வடிவமைப்பாளர்கள் மத்தியில் சொல்லப்படுவதுண்டு. புதிய டி-10எஸ் 1981 ஏப்ரல் 20 அன்று பறந்தது. திட்டமிட்ட பொருளாதாரம் தன் தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளாது என்ற பொதுக்கருத்துக்கு இது வலுவான எதிர்ச்சான்று. அந்தத் துணிவை நான் வியப்போடு மதிக்கிறேன்.

இந்த விமானத்தின் வயிற்றைப் பார்த்தால் தேசத்தின் வரைபடம் தெரியும். உள்ளேயே 9 டன்னுக்கு மேல் எரிபொருள் கொள்ளும். வெளித் தொட்டி வேண்டியதில்லை. கம்சமோல்ஸ்கிலிருந்து கோலா தீபகற்பம் வரை பரந்த நாட்டில், தளங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. ஓடுபாதையில் கல்லும் பனிக்கட்டியும் கிடக்கும் என்று எதிர்பார்த்து, காற்று நுழைவாயிலில் தானாக எழுந்து நிற்கும் வலைத் தடுப்பு வைத்தார்கள். மிக்-29-இல் இன்னும் ஒரு படி மேல்: தரையில் ஓடும்போது நுழைவாயில் கதவுகள் முழுக்க மூடிக்கொள்ளும்; இறக்கை வேரின் மேற்புறத்திலுள்ள செதில் திறப்புகள் வழியாக என்ஜின் மூச்சு வாங்கும். பின்னாளில் கப்பலுக்கான மிக்-29கே வடிவத்தில் அந்தத் திறப்புகளை எடுத்துவிட்டு அங்கே எரிபொருளை நிரப்பினார்கள். தேவை மாறியது, உறுப்பும் மாறியது. 1989-இல் பாரிஸ் லெ பூர்ஷே கண்காட்சியில் விக்தர் புகச்சோவ் சுகோய்-27-இன் மூக்கைச் செங்குத்தையும் தாண்டிப் பின்னோக்கிச் சாய்த்து, பறந்துகொண்டே மீண்டும் படியவைத்தபோது உலகம் பார்த்தது உடல் வடிவத்தின் உச்சத்தை. ஆனால் அந்த விமானம் போரில் யாருடைய குரலைக் கேட்டுப் பறக்கும் என்பது அந்த மேடையில் தெரியவில்லை.

அது தெரியவந்தது ஜெர்மனி இணைந்தபோது. கிழக்கு ஜெர்மனியின் 24 மிக்-29கள் மேற்கின் விமானப்படையில் சேர்ந்தன. நேட்டோ விமானிகள் அவற்றோடு பயிற்சிச் சண்டை இட்டார்கள். அண்மைச் சண்டையில் அவை கலங்கவைத்தன: விமானி தலையைத் திருப்பிப் பார்த்தாலே போதும், தலைக்கவசக் குறிபார்ப்பான் வழியாக ஆர்-73 ஏவுகணை அந்த இலக்கைப் பற்றிக்கொள்ளும். மேற்கு நாடுகள் அவசரமாகப் புதிய ஏவுகணைகளை உருவாக்கியதற்கு இந்த அனுபவமும் தூண்டுகோல். அதே விமானிகள், எட்டப் பறக்கும் எதிரியைப் பற்றி மிக்-29-இன் அறைக்குள் மிகக் குறைவாகவே தெரிகிறது என்றும் குறிப்பிட்டார்கள். சூழலை வரைந்து காட்டும் பொறுப்பைத் தரைக் கட்டளையாளர் சுமந்ததால், விமானியின் திரையில் அது இல்லை. 1991-இல் ஈராக்கின் கட்டளைத் தொடர்பு முதல் நாட்களிலேயே சிதைக்கப்பட்டதும் அதன் மிக்-29கள் தடுமாறி வீழ்ந்தன. 1999-இல் யூகோஸ்லாவியாவிலும் ஏறத்தாழ அதே நிலை; உதிரிபாகப் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தரைக் கட்டுப்பாட்டுக் கோட்பாடு எல்லாம் பின்னால் கட்டிய விளக்கம். உண்மையில் சில்லுகள் செய்யத் தெரியாததால்தான் விமானத்தைத் தரையோடு கட்டினார்கள் என்பது அம்மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. நுண்மின்னணுத் தொழிலின் பலவீனம் கண்கூடு. ஆயினும் தரை ஏற்பாடு அந்தப் பலவீனத்தைப் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக ஆக்கியது. பொறுத்துக்கொள்ள முடிந்ததாலேயே அதைத் தீர்க்கும் அவசரம் எழவில்லை. காரணமும் விளைவும் ஒன்றையொன்று வளர்த்தன என்பதே என் முடிவு. என்ஜின் ஆயுளிலும் இதே போக்கைக் காணலாம். பெரும் போரில் விமானங்கள் நெடுநாள் தாங்காது என்று கணக்கிட்டவர்களுக்கு, குறைந்த ஆயுளுடைய என்ஜினை அடிக்கடி கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்புவது இயல்பான ஏற்பாடு. அமைதிக் காலத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் பறக்க வாங்கியவர்களுக்கோ அது தீராச் செலவு.

சோவியத் ஒன்றியம் கலைந்தபின் விமானம் தனிச் சரக்காயிற்று. சொந்த அரசிடமிருந்து ஆணைகள் வற்றிய 1990-களில் கம்சமோல்ஸ்க், இர்குத்ஸ்க் ஆலைகளைக் காப்பாற்றியவை சீனாவும் இந்தியாவும். 1996 நவம்பர் 30 அன்று கையெழுத்தான இந்திய ஒப்பந்தம் என் வாதத்துக்கு மையச் சான்று. சுகோய்-27-இன் வழிவந்த சுகோய்-30எம்கேஐ-இல் உடலும் திசைமாற்றும் உந்துவிசை கொண்ட என்ஜினும் பார்ஸ் ரேடாரும் ரஷ்யாவுடையவை. காட்சித் திரைகளிலும் மின்னணுக் கருவிகளிலும் பிரான்சும் இஸ்ரேலும் பங்களித்தன. பணிக் கணினியும் ரேடார் எச்சரிக்கைக் கருவியும் இந்தியாவில் உருவானவை. தரையில் விட்டுவந்த மறுபாதியை வாங்கியவர்களே விமானத்துக்குள் கட்டித் தந்தார்கள். 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் நிலைகொண்ட 222-ஆம் ஸ்குவாட்ரனின் விமானங்கள் வயிற்றுக்கடியில் இரண்டரை டன் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடியவை. இவ்வளவு எடையைத் தாங்க இடம் கொடுத்தது சீமனவ் திரும்ப வரைந்த அந்த உடல். அந்த ஏவுகணையைக் கடலில் தொலைதூர இலக்கோடு இணைப்பது இந்தியாவின் சொந்த ஏற்பாடு.

ரஷ்யா தனக்கென்று அந்த மறுபாதியைப் புதுப்பித்துக்கொண்டதா? உக்ரைன் போர் தரும் விடை கலவையானது. மிக்-31பிஎம் விமானங்கள் ஆர்-37எம் ஏவுகணையால் வெகு தொலைவிலிருந்தே உக்ரைன் விமானிகளைத் தாழப் பறக்க வைத்தன. தற்காப்பு நோக்கில் பழைய கோட்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. எதிரியின் வான்காப்பை ஒடுக்கி, அவன் வானில் தங்கி ஆதிக்கம் செலுத்தும் பணியில் அதே படை தோற்றது; அதற்கு வேண்டிய ஏற்பாடு ஒருபோதும் அதனிடம் இருந்ததில்லை. ஏ-50 பறக்கும் ரேடார் விமானங்கள் சொற்பம். 2024 தொடக்கத்தில் இரண்டை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது.

சுகோய்-57 இந்தக் குறையைத் தனி விமானத்தின் உள்ளேயே தீர்க்க முயல்கிறது. ரேடாருக்கு எளிதில் புலப்படாமல் இருப்பதும் அதன் நோக்கம். அத்தகைய விமானங்களுக்கு அடிப்படையான, ரேடார் அலை விளிம்புகளில் சிதறும் விதத்தைக் கணிக்கும் கோட்பாட்டை 1962-இல் வெளியிட்டவர் மாஸ்கோவின் பியோத்தர் உஃபீம்த்செவ். அதை முதலில் விமானமாக்கியது அமெரிக்காவின் லாக்ஹீட். ரஷ்யாவின் விடை 2010 ஜனவரி 29 அன்றுதான் பறந்தது. 2019-இல் 76 விமானங்களுக்கு ஆணையிட்டார்கள். பின்னர் எஸ்-70 என்ற ஆளில்லா விமானத்தை அதற்குத் துணையாக்கத் திட்டமிட்டார்கள். 2024 அக்டோபர் 5 அன்று அத்தகைய எஸ்-70 ஒன்று, கட்டுப்பாடு இழந்ததாகக் கருதப்படும் நிலையில், கொஸ்தியன்தினிவ்கா அருகே ரஷ்யப் போர் விமானம் ஒன்றாலேயே சுட்டு வீழ்த்தப்பட்டு உக்ரைன் வசமிருந்த மண்ணில் விழுந்தது. இன்று ரஷ்ய வடிவமைப்பாளர்கள் எதிர்கொள்ளும் கடினமான சிக்கல் இறக்கையிலோ என்ஜினிலோ இல்லை. தரைக் கட்டளையாளர் ஒரு காலத்தில் பிடித்திருந்த அந்தத் தொடர்பை, மின்னணு இடையூறு நிறைந்த வானில், தரை இல்லாமல் நிலைநிறுத்துவதில் இருக்கிறது.