திருவிழிச்சில் முதல் கடற்கோயில் வரை

தொண்டை நாட்டுக் கடற்கரை பெரும்பாலும் மணற்கரை. குமரி மாவட்டத்து முட்டத்தில் பாறைகள் கடலுக்குள் இறங்கி அலையோடு மல்லுக்கட்டுவது போன்ற காட்சி நம் பக்கம் அரிது. ஒரு விலக்கு உண்டு. சாளுவன்குப்பத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கோயில் வரை, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரத்தில், மணலைப் பிளந்துகொண்டு பாறைகள் ஆங்காங்கே தலைநீட்டுகின்றன. நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். குழந்தைகள், பெரியவர்கள் என ஒன்பது பேர் அண்மையில் அவ்வழியே நடந்தோம். நடையின் களைப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவ்வழியில் கிடக்கும் வரலாற்றைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

முதலில் கல். இப்பகுதிப் பாறையை நாம் பொதுவாகக் கருங்கல் என்போம். நிலவியலார் இதைச் சார்னோகைட் வகையில் சேர்ப்பர். அந்தப் பெயர் பிறந்த கதை நமக்கு நெருக்கமானது. கல்கத்தாவில் அடக்கமான கும்பினி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பல்லாவரப் பகுதியின் கல் சென்றது. அக்கல்லை 1893இல் ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், இறந்தவரின் பெயரையே கல்லுக்கு இட்டுவிட்டார். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையும் உண்டு. கல்லைக் குடைந்த பல்லவனுக்குக் கிடைக்காத பெருமை, அதன்கீழ் உறங்கியவருக்குக் கிடைத்தது!

மாமல்லை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடலில் மூழ்கிய ஆறு கோயில்கள். 'ஏழு பகோடா' என்று ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை அழைத்தனர். 1770களில் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ், கடலுக்குள் செப்புக் கலசங்கள் மின்னுவதைக் கண்டதாக முதியோர் சொன்ன செய்தியை எழுதிவைத்தார். 1788இல் அது அச்சேறியது. ஆங்கிலக் கவிஞர் சதே 1810இல் அதைக் காவியத்தில் ஏற்றினார். 2002இல் மூழ்காளர்கள் கரைக்கப்பால் கற்சுவர் போன்ற எச்சங்களைக் கண்டதும் கதைக்குப் புத்துயிர் வந்தது. அந்த எச்சங்கள் மெய்யானவை. ஆறு கோயில் என்ற கணக்குக்கு மட்டும் இன்றுவரை சான்று இல்லை.

கடல் உண்மையிலேயே விழுங்கிய கோயில் ஒன்று சாளுவன்குப்பத்தில், நிலத்தின் மேல், கண்ணெதிரே கிடக்கிறது. புலிக்குகையைப் பார்க்க வருவோரில் பெரும்பாலோர் அதன் பக்கம் திரும்புவதில்லை. இதுதான் என் மனக்குறை.

புலிக்குகையில் புலி இல்லை. பதினொரு யாளி முகங்கள் சூழ நடுவே சிறு மாடம். பக்கத்தில் யானைமேல் அம்பாரி போன்ற சிறு கோட்டங்கள். பிள்ளைகளுக்கு அது போதும், அங்கேயே ஒரு மணி நேரம் போயிற்று. சற்றே வடக்கில் அதிரணசண்ட மண்டபம். அதிரணசண்டன் என்பது ராஜசிம்மனின் பட்டப்பெயர் என்பது பலர் கருத்து. ஒரே வடமொழி வாசகத்தை ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வடபுலத்து யாத்திரிகரும் படிக்கட்டும் என்று மன்னன் நினைத்தானோ என்னவோ!

அதே பகுதியில்தான் அந்தக் கோயில். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பின்வாங்கியபோது ஒரு பாறையின் மேலிருந்த மணலை அரித்துச் சென்றது. பாறையில் எழுத்துகள். படித்துப் பார்த்தால் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் கன்னரதேவன், காலத்துச் செய்தி. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தபின் இந்நாடு அவன் கைக்குப் போயிருந்தது. கல்வெட்டு திருவிழிச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலைக் குறித்தது. ஊர் தெரிகிறது, கோயில் எங்கே? அருகிலிருந்த மணல்மேட்டை 2005இல் இந்தியத் தொல்லியல் துறை, தி. சத்தியமூர்த்தியின் தலைமையில், அகழ்ந்தது.

மேலே பல்லவர் காலக் கருங்கற்பணி. அதன் கீழே அதற்கும் முற்பட்ட செங்கற்கோயில். செங்கல்லின் அளவை வைத்துச் சங்ககாலம் என்றனர் அகழ்ந்தோர். அக்காலக் கணிப்பை ஏற்காதவரும் உண்டு. வடக்கு நோக்கிய கோயில், வாயிலின் முன் கல்லால் ஆன வேல், குரவைக் கூத்து என அடையாளம் கூறப்பட்ட சுடுமண் பலகை. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் பட்டது இடையிலிருந்த கடல்மணல். பேரலை மோதி இக்கோயில் இருமுறையேனும் அழிந்திருக்க வேண்டும் என்று அதைக்கொண்டு ஊகித்தனர். முதல் அழிவுக்குப் பிறகு, இடிபாட்டை விட்டு உள்நாட்டுக்கு ஓடாமல், அதே இடத்தில், அதன் மேலேயே, கல்லால் மீண்டும் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே கிடைத்த கல்வெட்டுகளில் கார்த்திகை விளக்குக்காக 10 கழஞ்சு பொன் அளித்தவரும், ஒரு விளக்கு எரிய 16 கழஞ்சு தந்த வசந்தனார் என்ற பெண்மணியும் இருக்கிறார்கள். கழஞ்சு என்பது ஐந்து கிராமை ஒட்டியது என்றதும், எங்கள் அத்தை விரல்விட்டுக் கணக்கிட்டு, "அப்போ பத்து சவரன்! ஒரு விளக்குக்கா?" என்றார். ஆம், கடல் எப்போது வரும் என்று தெரியாத கரையில் ஒரு விளக்குக்கு.

அங்கிருந்து தெற்கே சவுக்குத் தோப்புகள், விடுதிகளின் வேலிகள், தேவநேரியின் ஃபைபர் படகுகள். கட்டுமரம் கண்ணில் படவில்லை. விரைவாகக் கடந்தோம்.

கடற்கோயிலை ராஜசிம்மன் எழுப்பினான். இரண்டு சிவன் சன்னதிகளுக்கு இடையே பள்ளிகொண்ட பெருமாள், இயற்கைப் பாறையிலேயே செதுக்கப்பட்டவர். இங்கு பாறை முன்பே இருந்தது, கோயில் பின்னர் வந்தது. உப்புக்காற்றில் சிற்பங்கள் முகம் மழுங்கி நிற்கின்றன. அலைக்கு அணையாகக் கொட்டிய பெருங்கற்கள் இல்லாவிட்டால் அதுவும் மிஞ்சியிராது. வடக்கே அலைவாயில் தனியே நிற்கும் பாறையிலும் பல்லவர் உளி பதிந்திருக்கிறது. எங்கள் பையன் அங்கே ஈரமணலில் உட்கார்ந்து, திருவிழிச்சில் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போக விரும்பும் அன்பர்களுக்கு: சாளுவன்குப்பத்திலிருந்தே தொடங்குங்கள், காலை ஏழு மணிக்குள். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். வழியில் நிழல் குறைவு. அலையில் நனைந்த பாறைகளில் பாசி வழுக்கும், பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். புலிக்குகையோடு திரும்பிவிடாமல், அந்தச் செங்கல் வரிசைகளின் முன் கால்மணி நேரமாவது நில்லுங்கள்.