ஆலை நிலமும் பொதுப் பங்கும்: மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, 1991–2006

முன்னுரை

தொழில் நின்றுபோன நகர நிலத்தில் எவ்வளவு மறுபயன்பாட்டுக்குக் கிடைக்கும் என்பதை அளவைக்கல் மட்டும் தீர்மானிப்பதில்லை. விதியின் வாசகமும் தீர்மானிக்கிறது. மும்பையின் பஞ்சாலை நிலங்கள் இதற்குத் தெளிவான சான்று. பரேல், லால்பாக், வோர்லி வட்டாரங்களில் 58 ஆலைகளின் வசம் ஏறத்தாழ 600 ஏக்கர் இருந்தது. இதில் பொதுமக்களுக்கு உரிய பங்கு பதினைந்து ஆண்டுகளுக்குள் எவ்வாறு சுருங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பங்கின் விகிதம் குறையவில்லை; பங்கிடப்படும் பரப்பே குறைக்கப்பட்டது என்பது இதன் கருதுகோள்.

ஆலைகளின் முடக்கம்

கவாஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் தொடங்கிய நிறுவனமே மும்பையின் முதல் பஞ்சாலைக்கு வித்திட்டது. அடுத்த நூறாண்டுகளில் ஆலைகளைச் சுற்றி ‘கிரண்காவ்’ என்னும் தொழிலாளர் பகுதி வளர்ந்தது. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. நலிந்த ஆலைகள் பல தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தன. தனியார் ஆலைகளிலோ, தறி தரும் வருவாயைவிட மனையின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்துவிட்டது.

1991: மூன்று பங்கு

இச்சூழலில் 1991-ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-ஆம் விதி இடம்பெற்றது. ஆலையை இடித்து நிலத்தை மறுவளர்ச்சி செய்தால் ஒரு பங்கு மாநகராட்சியின் பூங்கா, விளையாட்டிடங்களுக்கு, ஒரு பங்கு ‘மஹாடா’ எனப்படும் வீட்டுவசதி ஆணையத்துக்கு, எஞ்சியது உரிமையாளருக்கு. 5 முதல் 10 ஹெக்டேர் வரையிலான ஆலைகளுக்கு இது முறையே 33, 34, 33 விழுக்காடு.

விதியில் ஒரு வழி திறந்திருந்தது. கட்டடத்தை இடிக்காமல் உள்ளேயே பயன்பாட்டை மாற்றினால் நிலத்தைப் பகிர வேண்டியதில்லை. ஆகவே 1990-களில் பொதுப் பங்காக வந்த நிலம் மிகச் சொற்பம். 1996-இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, கழகத்தின் ஆலைகளைத் தனித்தனி மனைகளாகக் கருதாமல் ஒருங்கே திட்டமிடுமாறு பரிந்துரைத்தது. ரயில் நிலையங்களை ஒட்டிப் பொதுவெளிகள் அமைக்கவும் கருத்துரைத்தது. அரசு அதை நிறைவேற்றவில்லை.

2001: திருத்தம்

2001-இல் மாநில அரசு விதியைத் திருத்தியது. முடங்கிய ஆலைகளை மீட்கவும் தொழிலாளர் நிலுவையைத் தீர்க்கவும் பணம் வேண்டும் என்பது அரசுத் தரப்பின் நியாயம். திருத்தத்தின்படி, ஏற்கெனவே கட்டடமின்றித் திறந்துகிடந்த நிலம் மட்டுமே பங்குக்கு உரியது. கட்டடத்தை இடித்தபின் வெறுமையாகும் நிலம் அதில் சேராது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 15 ஏக்கர் ஆலையில் 3 ஏக்கர் மட்டுமே திறந்தவெளி என்க. பழைய விதியில் மாநகராட்சிக்கும் மஹாடாவுக்குமான பொதுப் பங்கு ஏறத்தாழ 10 ஏக்கர்; திருத்தத்துக்குப் பின் 2 ஏக்கர். ஆலை வளாகங்களில் பெரும்பரப்பு கூடங்களாலும் கிடங்குகளாலும் நிறைந்திருந்ததால், நகரம் இழந்தது மிகப் பெரிது.

நீதிமன்றமும் விளைவுகளும்

2005-இல் கழகம் ஐந்து ஆலைகளின் நிலத்தை விற்றது. மும்பை டெக்ஸ்டைல் மில் மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போனது. பம்பாய் சுற்றுச்சூழல் செயற்குழு 2001 திருத்தத்தை எதிர்த்துத் தொடுத்த பொதுநல வழக்கில் அதே ஆண்டு உயர் நீதிமன்றம் மனுதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் திருத்தத்தை உறுதிசெய்தது.

மஹாடாவிடம் வீடு கோரிப் பதிந்த ஆலைத் தொழிலாளர்களும் வாரிசுகளும் ஒரு லட்சத்துக்கு மேல். 2012-இன் முதல் குலுக்கலில் ஒதுக்கப்பட்ட வீடுகள் 6,925. ஆலைகள் இருந்த இடத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. ரயில் நிலையங்களோ பழைய அளவிலேயே நின்றன. 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலைய நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் மாண்டனர். நிலையத்தருகே பொதுவெளி வேண்டும் என்ற பரிந்துரை அப்போது இருபது ஆண்டு பழையதாகியிருந்தது.

முடிவுரை

பொதுவுக்கு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு என்ற வாக்குறுதி ஏட்டில் இறுதிவரை அப்படியே இருந்தது. எதில் மூன்றில் இரு பங்கு என்பதே மாறியது. ஆலை மூடிய எந்த நகரமும் இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. பொதுப் பங்கின் அடிப்படை முழு மனைப் பரப்பாக இருக்க வேண்டும். பயன்பாட்டை மாற்றினாலும் அது பொருந்த வேண்டும். ஒருங்கிணைந்த திட்டம் விற்பனைக்கு முன்பே வர வேண்டும். கைமாறிய நகர நிலத்தைப் பின்னர் மீட்பதற்கு எந்த மாநகராட்சியின் கருவூலமும் போதாது.