பதுளைப் பாதையில் கூடாரக் கரத்தை: சுமையும் உரிமையும்

அமெரிக்கக் குடியேற்றம் என்றதும் கண்முன் வருவது துணிக்கூடாரம் போட்ட வண்டி. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் கொனஸ்டோகா பள்ளத்தாக்கில் பிறந்த கனத்த குதிரை வண்டியும், 1840களில் ஒரிகன் பாதையில் பெரும்பாலும் எருதுகள் இழுத்த இலகுவான வண்டியும் அந்நாட்டு மக்கள் நினைவில் ஒன்றாகவே கலந்துவிட்டன. அதே காலத்தில் இலங்கை மலைநாட்டிலும் கூடார வண்டிகள் ஏறின. ஆனால் பதுளை அடங்கிய ஊவாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழரின் நினைவில் வண்டி இல்லை, நடைதான் இருக்கிறது. மலையின் செங்குத்து இதற்குக் காரணமன்று. வண்டி யாருக்குச் சொந்தம், அதில் எது ஏறியது என்பதே காரணம்.

கரத்தை என்று இங்கே வழங்கிய அந்த வண்டிக்கு இரண்டே சக்கரம். இரும்புப் பட்டை இறுக்கிய மரச் சக்கரங்கள், நுகத்தில் ஒரு சோடி மாடு, வளைத்துக் கட்டிய கூட்டின்மேல் கிடுகுக் கூரை. அந்தக் கூரை ஆளுக்காகப் போட்டதன்று. கோப்பி நனைந்தால் பழுதாகிவிடும், அதற்காகப் போட்டது. முன்பு தவளம் மாடுகள் முதுகில் பொதி சுமந்த ஊவாவில், தோட்டங்கள் பெருகியதும் கரத்தையே வழியாயிற்று. அப்புத்தளைப் பக்கத்துக் கோப்பி அல்துமுல்லை வழியாக இரத்தினபுரிக்கு இறங்கி, அங்கிருந்து களுகங்கையில் படகேறியது. திரும்பி ஏறும் கரத்தைகளின் முக்கியச் சுமை, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அரிசி. அதை உண்ட தொழிலாளரின் கூலியிலேயே அதன் விலை கழிக்கப்பட்டது. கரத்தை ஓட்டியவர்கள் பெரும்பாலும் கரையோரச் சிங்களவர். மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டால் கோப்பியும் இறங்காது, அரிசியும் ஏறாது. அந்த அரிசியை நம்பியிருந்தவர்களோ மன்னாரிலிருந்து மாத்தளைக் காட்டுவழியாகத் தலைச்சுமையோடு நடந்து வந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

1867இல் கண்டிக்கு ரயில் வந்துவிட்டது, எனவே கரத்தைக் காலம் குறுகியது, அதற்கு இத்தனை கனம் ஏற்றலாகாது என்று சொல்லலாம். கண்டிக்கு அது பொருந்தும், பதுளைக்குப் பொருந்தாது. ரயில் நானுஓயாவை எட்டியது 1885இல், அப்புத்தளையை 1893இல், பண்டாரவளையை 1894இல். பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இல்தான். கண்டிக்கும் பதுளைக்கும் இடையே 57 ஆண்டுகள்! அதற்குள் இலைநோயில் கோப்பி அழிந்து, தேயிலை வேரூன்றி, ஊவா தனி மாகாணமாகவும் ஆகிவிட்டது. பயிர் மாறியும் கரத்தையின் வேலை மாறவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. ஒரிகன் பாதையில் போனவர்களும் பெரும்பாலும் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே போனார்கள். அங்கும் வாந்திபேதி கொன்றது. அப்படியானால் நடையை வைத்து இருவரையும் எப்படிப் பிரிப்பது? நடையை வைத்துப் பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வண்டிக்குள் இருந்ததை வைத்துப் பிரிக்கலாம். ஒரிகன் போன குடும்பங்கள் ஏற்றியவை மாவு, விதை, உழுகருவி. தம் நிலத்தில் தாமே விதைக்கப் போகிறவர்களின் சுமை அது. கரத்தையில் ஏறியதோ தோட்டக் கணக்கில் எழுதப்பட்ட சரக்கு. அங்கே பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் குடியேறியவர்களுக்குப் போயிற்று. இங்கே 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டிக் கிராமத்தார் இழந்த நிலம் துரைமாருக்குப் போயிற்று. காட்டை வெட்டி நட்டவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. பறிப்பு இரண்டிடத்திலும் அநியாயமே. ஆனால் ஊவாவில் நடந்து வந்தவர்கள் அந்தப் பறிப்பின் பயனாளிகளும் அல்லர். 1948இல் அவர்களின் சந்ததியார் குடியுரிமையையும் இழந்தார்கள்.

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை தந்தது. மலையகத் தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்ட 7 பேர்ச் காணி என்று இலங்கை அரசு முடிவெடுத்தது 2015இல். 160 பேர்ச் சேர்ந்தது ஒரு ஏக்கர்.