சிவகிரி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சஃபாரி

சஃபாரி என்றதும் ஆப்பிரிக்கச் சிங்கமும் ஜீப்பும்தான் நினைவுக்கு வரும். ஸ்வாஹிலி மொழியில் அதற்குப் பயணம் என்றுதான் பொருள்.

பெரியாறு சிவகிரி மலைகளில் பிறக்கிறது என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு காடு. 1978 முதல் புலிகள் காப்பகம். அங்கே வயணப்பட்டை உரித்துக் கடத்தி வழக்கில் சிக்கியவர்களை, 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அழைத்துப் பேசியது. மிளா வரும் தடம், ரேஞ்சர் வரும் தடம் இரண்டும் அவர்களுக்கு அத்துப்படி! வழக்குகள் கைவிடப்பட்டன. அவர்களே வழிகாட்டிகள் ஆனார்கள். சிறு குழுவாக வருபவர்களைக் காட்டுக்குள் நடத்திச் சென்று, கூடாரம் அடித்து, சமைத்துப் போட்டு, இரவில் காவல் இருந்தார்கள். ஜீப் கிடையாது, நடைதான்.

மற்ற நேரத்தில் அதே காட்டில் ரோந்தும் போனார்கள், தங்கள் பழைய தொழிலை விடாதவர்களைப் பிடிக்க.