சட்டியை விட்டு வந்தோம், கைப்பக்குவத்தை விடவில்லை



பெரிய ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தட்டு வைக்கிறார்கள்: பொரித்த இறால், பக்கத்தில் மாம்பழ சாலட். மன்னாரில் நம் உம்மும்மாமாருக்கு இது புதிதல்ல. மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்த இறால்; செங்காய் மாங்காயை அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் போட்டு, தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல்.

நம் கடலின் முத்துப் பெருமை எழுத்தில் இருக்கிறது. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தி முன் முத்துக்களைத் தரம் பிரித்ததைக் கண்டு எழுதினார். நம் அடுப்படியை யாரும் எழுதவில்லை.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனோம். வீடு, வலை, சட்டி பானை எல்லாம் இங்கே கிடந்தன. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கிடைத்த கொஞ்ச இறாலுக்கும் உம்மாமார் அதே சம்பலைத்தான் பிசைந்தார்கள்.

2009க்குப் பிறகு சிலர் திரும்பினோம். பலர் அங்கேயே இருக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கு மன்னார் என்றால் இந்த ருசிதான். அந்தக் கைகள் முதுமையடைந்து வருகின்றன. இந்தக் கிழமையே உம்மும்மாவிடம் கேட்டு, பிள்ளைகளின் கொப்பியில் எழுத வையுங்கள். அதுவும் நம் வரலாறு.