தேர்வெழுதி வந்தவர், பதவி உயர்வில் வந்தவர், தனியாரிலிருந்து வந்தவர்... அரசுப் பணியில் யாருக்கு பிடிப்பு அதிகம்?

மத்திய அரசில் ஒரு கொள்கை முடிவு அமைச்சர் மேசைக்குப் போகும் முன், பெரும்பாலும் இணைச் செயலாளர் கையில்தான் உருவம் பெறும். 2024 ஆகஸ்ட்டில் இந்த நாற்காலியை வைத்துத்தான் அவ்வளவு பெரிய சண்டை. இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் என 45 இடங்களுக்கு வெளியாட்களை எடுக்க ஆகஸ்ட் 17-ல் யுபிஎஸ்சி விளம்பரம் கொடுத்தது. இடஒதுக்கீடு எங்கே என்று எதிர்க்கட்சிகள் கேட்க, கூட்டணிக் கட்சிகளும் சேர்ந்துகொள்ள, ஆகஸ்ட் 20-ல் விளம்பரத்தை ரத்து செய்யச் சொன்னது மத்திய அரசு.

அந்த சத்தத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப் போச்சு. வெளியில் இருந்து வருபவர் துறையோடு ஒட்டுவாரா? உள்ளேயே வளர்ந்தவர் மட்டும் ஒட்டுகிறாரா?

எந்த வழியாக வருகிறார்கள்?

யுபிஎஸ்சி தேர்வெழுதி இளம் வயதிலேயே ஐஏஎஸ் ஆகிறவர்கள் ஒரு ரகம். ஒவ்வொரு மாநிலத்திலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பதவி உயர்வில் வருபவர்களுக்கு. நம்ம ஊரில் குரூப் 1 எழுதி துணை ஆட்சியராகச் சேர்ந்து, பல வருஷம் கழித்து 'கன்ஃபர்டு ஐஏஎஸ்' ஆகிறார்களே, அவர்கள்தான். மூன்றாவது, 'லேட்டரல் என்ட்ரி'. 2018-ல் 10 இணைச் செயலாளர் இடங்களுக்கு அழைப்பு வந்தபோது 6,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதன் பிறகு 2024 வரை இப்படி நியமிக்கப்பட்டவர்கள் 63 பேர். அந்த ஆண்டு கணக்குப்படி பணியில் இருந்தவர்கள் 57 பேர்.

'பிடிப்பு' என்றால் என்ன?

ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற கனடா ஆய்வாளர்கள் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். பிடித்துப்போய் இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது, விட்டுப் போவது முறையல்ல என்று இருப்பது. வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். 30 வருஷம் ஒருவர் அரசில் இருந்தார் என்பதை வைத்து மட்டும் அவருக்குப் பற்று அதிகம் என்று சொல்லிவிட முடியாது. சீனியாரிட்டி, ஓய்வூதியம், அரசு வீடு எல்லாம் அந்த இரண்டாவது கணக்கில் வரும்.

ஐஏஎஸ் அதிகாரியின் பிடிப்பு பெரும்பாலும் தன் 'சர்வீஸ்' மேல்தான், துறை மேல் அல்ல. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நேற்று கால்நடை, இன்று கைத்தறி, நாளை உள்துறை என்றால் எந்தத் துறையோடு ஒட்டுவது? 'ஐஏஎஸ் அதிகாரிகள் இடமாற்றம்' என்று டிவியில் பிரேக்கிங் ஓடுவது நமக்கே பழகிப்போச்சு. அதிகாரிகளுக்கு குறைந்தபட்ச பதவிக்காலம் வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-ல் அது 2 ஆண்டு என விதியிலும் வந்தது. இடையில் மாற்றவும் அதே விதியில் வழி இருக்கிறது.

பதவி உயர்வில் வந்தவர் கதை வேறு. தாலுகா, கோட்டம், மாவட்டம் என்று ஒரே மாநிலத்தில் சுற்றியவர். கிராமக் கணக்கு வரை தெரியும். ஆனால் ஐஏஎஸ் கிடைக்கும்போது மீதி சர்வீஸ் குறைவு. டெல்லி இணைச் செயலாளர் நாற்காலி பலருக்கு எட்டுவதில்லை.

வெளியாட்கள் நிலைப்பதே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. பேராசிரியராக இருந்த மன்மோகன் சிங் 1971-ல் வர்த்தக அமைச்சகத்துக்கு பொருளாதார ஆலோசகராக வந்தவர். அப்புறம் நிதித்துறைச் செயலாளர், ரிசர்வ் வங்கி ஆளுநர் என்று அரசிலேயே தங்கிவிட்டார். தனியார் மின் நிறுவனத்தில் இருந்து 2002-ல் மின்துறைச் செயலாளராக வந்த ஆர்.வி.ஷாஹி இருந்த காலத்தில்தான் 2003 மின்சாரச் சட்டம் வந்தது. உள்ளே இருந்து வெளியே போனவர்களும் உண்டு. ஐஏஎஸ்ஸை விட்டு உலக வங்கிக்குப் போன பரமேஸ்வரன் ஐயர், 2016-ல் தூய்மை இந்தியா திட்டத்தை நடத்த செயலாளராகத் திரும்பி வந்தார்.

மன்மோகனுக்கும் ஷாஹிக்கும் கையில் பொறுப்பும் இருந்தது, அதைச் செய்து முடிக்க வருஷங்களும் இருந்தன. இப்போது லேட்டரல் என்ட்ரியில் வருபவருக்கு 3 ஆண்டு ஒப்பந்தம், நீட்டித்தால் 5. கோப்பு நகரும் விதம் பிடிபடவே முதல் வருஷம் ஓடிவிடும். கடைசி வருஷத்தில் அடுத்த வேலையைத் தேடியாக வேண்டும்.